அடுத்த கப்பல் வரைக்கும் ஒரு மருமகள்

அப்பா,

இன்று காலை வளையல் கழன்றுவிட்டது.

குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தானாக வழுக்கிப் பாத்திரத்துக்குள் விழுந்ததாம். சத்தியவதி ஈரக் கையோடு அப்படியே எங்கள் வாசலில் வந்து நின்றாள். பச்சைக்கல் வளையல், ஒரு கீறல்கூட இல்லை. உள்பக்கம் அரிசி மணி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. “அண்ணா, உங்க அப்பா பொருள் வந்திருச்சு. சோப்பும் போடல, எண்ணெயும் போடல. நான்தான் இளைச்சுப் போயிட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பின்னாலேயே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்த அவள் புருஷன் அப்பாராவ் சிரிக்கவில்லை. அந்த வளையலின் மேல் அவனுக்குள்ள கோபம் இந்த ஜன்மத்தில் ஆறாது.

கையில் வாங்கினேன். கல் குளிர்ந்து கிடந்தது. உங்கள் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது குறைத்துச் சொல்வதாகும். வெள்ளைச் சட்டையும் தோல் பெல்ட்டும் டிரங்குப் பெட்டியுமாக நீங்களே போர்ட் பிளேரில், எங்கள் ஷாதிபூர்த் தெருவில் வந்து இறங்கிவிட்டீர்கள்.

சிறுவயதில் உங்களை எனக்கு லீவில் வருகிற மனிதராகத்தான் தெரியும். மலாயாவில், ஈப்போ பட்டணத்தில், கான்டன் சீனர்களின் சினிமாக் கொட்டகை ஒன்றில் டிக்கெட் கிழிக்கிற வேலை உங்களுக்கு. சில வருஷங்களுக்கு ஒருமுறை பிஸ்கட் டின்னோடு வருவீர்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது உங்கள் அக்காதான். அத்தை வீட்டு முற்றத்தில் சாயங்காலம் ஆனால் படம் ஓடும். திரையும் நீங்கள்தான், பேச்சும் நீங்கள்தான். தோளில் கிடக்கும் துண்டைத் தலையில் போட்டால் மாமியார். அதையே இடுப்பில் செருகினால், கன்னத்தில் மச்சமும் கையில் கைக்குட்டையுமாக வீடு வீடாகப் போகும் கல்யாணத் தரகி. துண்டால் முகத்தை மூடிக்கொண்டால் மணப்பெண். மாமியார் திட்டுவதை மட்டும் மொழிபெயர்க்காமல் சீன பாஷையிலேயே திட்டுவீர்கள். தெருவே கூடி நின்று சிரிக்கும். அத்தைகூட, “இவ நம்ம தெக்குத்தெரு சூசையம்மாவேதான்” என்பாள்.

“சீனாக்காரன் சிரிப்புப் படத்துல வில்லனே கெடையாதுல. பெத்தவங்களுக்குச் செய்ய வேண்டிய கடமதான் வில்லன். அதைச் சுட முடியாது, ஜெயில்ல போட முடியாது. அதான் சிரிப்பு” என்பீர்கள். எனக்கு அப்போது புரியவில்லை. லீவு முடிந்ததும் படமும் முடிந்துவிடும். நீங்கள் போய்விடுவீர்கள்.

நான் வளர்ந்து, ஃபிட்டர் வேலை கிடைத்து, அந்தமானுக்குக் கப்பல் ஏறினேன். நீங்கள் மலாயாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். நாம் இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று யாரோ கங்கணம் கட்டிக்கொண்டதைப் போல இருந்தது.

பிறகு உங்கள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ரோஸியைக் கட்டிக்கொள் என்று. அத்தை மகள் ரோஸி. “என் பிள்ளையை வளர்த்தவளுக்கு நான் என்ன செய்வேன்? உன் மகளை என் மகன் கட்டுவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நெருங்கிய உறவு என்று சொல்லி, பங்குச் சாமியாரிடம் அனுமதியும் வாங்கியாயிற்று” என்று எழுதினீர்கள். நான் லீவு இல்லை என்று எழுதினேன். கடல் சரியில்லை என்று எழுதினேன். மேலதிகாரிக்குக் காய்ச்சல் என்றுகூட எழுதினேன். சாக்கெல்லாம் தீர்ந்துபோன ஒரு மழைக்காலத்தில், இங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. மெயின்லாண்டுக்கும் எங்களுக்கும் நடுவே அவ்வளவு கடல் கிடக்கும்போது யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

தந்தி வந்தது. மருமகளைப் பார்க்கப் புறப்படுகிறேன் என்று.

அந்தத் தந்தியை வைத்துக்கொண்டு நான் போய் நின்றது அப்பாராவிடம். பட்டறையில் என் கூட்டாளி, எங்கள் லைன் வீட்டில் எனக்குப் பலகைச் சுவர் தள்ளி அடுத்த வீடு. விசாகப்பட்டினத்துப் பக்கத்துத் தெலுங்கன். தீவுக்கு வந்த எல்லோரையும் போல இந்தியிலும் தமிழிலும் பாதிப் பாதி பேசுவான். அவன் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கே வந்த யோசனை என்றுதான் நினைத்தேன். உன் மனைவி ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என் மனைவியாக இருக்கட்டும், நீ என் வீட்டுச் சமையல்காரனாக இரு, அப்பா பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விடுவார் என்றேன். அப்பாராவ் யோசித்தான். “ஒரு வேளை கானா, பஸ். கதம். டீக் ஹை பாய்” என்று, ஒரே சாப்பாட்டோடு முடிந்துவிட வேண்டும் என்ற கணக்கில் சம்மதித்தான். சத்தியவதியைக் கேட்டோம். “பெரியவர் மனசு நோகக் கூடாது, அவ்வளவுதானே?” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு ஆபத்து இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

துறைமுக ஜெட்டியில் இறங்கி என்னைக் கட்டிக்கொண்டதும் நீங்கள் முதலில் சொன்னது இதுதான்: “அம்மைக்கு நான் வாங்குன பச்சை வளையலை அக்கா பெட்டியத் தொறந்து எடுத்துக் குடுத்து விட்டிருக்கால. மருமக இருக்கது நெசம்னா அவ கையில போட்டுட்டு வா. பொய்யினா வளையலையும் கொண்டா, பயலையும் கொண்டான்னு சொல்லிட்டா.” அம்மாவுக்காக ஈப்போவில் வாங்கி, அவள் கைக்கு வருவதற்குள் அவள் போய்விட்ட வளையல் அது. வளையல் திரும்பினால் நானும் அதனோடு திரும்ப வேண்டும், ரோஸிக்குத் தாலி கட்ட வேண்டும். சரி, ஒரு வேளைதானே என்று தைரியப்படுத்திக்கொண்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையல்கார வேஷத்தில் வந்த அப்பாராவ் என் காதருகில் குனிந்தான். “பாய், வாபஸ் கப்பல் எப்போ?”

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். வந்த கப்பல் இங்கிருந்து கல்கத்தா போய், அங்கே சரக்கு ஏற்றி, இங்கே திரும்பி, அதன் பிறகுதான் மெட்ராஸ் போகும். தீவில் வந்த விருந்தாளி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப முடியாது என்பது நேற்று வந்த ஆளுக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு மறந்துவிட்டது. நான் நினைத்திருந்த கதையில் அப்பாக்காரர் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ரயில் ஏறிப் போய்விடுவார். போர்ட் பிளேரில் ரயில் ஏது?

அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. நீங்கள் ராஜா மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். “மருமகளே, நீயே ஒரு செபம் சொல்லும்மா” என்றீர்கள். சத்தியவதி என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பதிப் பெருமாள்மேல் தெலுங்கில் ஏதோ நீளமாகச் சொன்னாள். முடிந்ததும் நீங்கள் பக்தியோடு “ஆமென்” என்றீர்கள்.

மீன் பரிமாறும்போது அவள் வாய் பழக்கத்தில், “இன்னொரு துண்டு வைக்கட்டா அண்ணா?” என்று என்னைக் கேட்டுவிட்டாள்.

“இங்க புருசன அண்ணன்னு கூப்பிடுதது வழக்கமோ?” என்றீர்கள் நீங்கள்.

“அண்டமான்ல அப்படித்தான் சாப்” என்றான் அப்பாராவ், கதவோரம் நின்றபடி.

அவர்களுடைய சின்னக் குழந்தை தத்தி நடந்து வந்து சத்தியவதியின் மடியில் ஏறிக்கொண்டு “அம்மா” என்றது. சமையல்காரனின் தாயில்லாப் பிள்ளை, எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடும் என்று நான் விளக்கம் சொன்னேன். உயிரோடு இருக்கிற தன் பெண்டாட்டியை ஒரே வாக்கியத்தில் கொன்றுவிட்டானே என்று அப்பாராவ் என்னை முறைத்தான். பிள்ளை உடனே உங்களைப் பார்த்தும் “அம்மா” என்றது. அதற்காக அவனுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்போதுதான் நீங்கள் சொன்னீர்கள்: “சமையக்காரத் தம்பியும் நம்மகூட உக்காந்து சாப்பிடட்டும்ல. நிக்கிறவன் பாத்தா சாப்பாடு தொண்டையில எறங்காது.”

இந்த வார்த்தையை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்குள் ஏதோ நமைத்தது. அப்பாராவ் உட்கார்ந்தான். சத்தியவதி என் தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் அவன் இருமினான். நீங்கள் மருமகள் கையால் டீ வேண்டும் என்றீர்கள். ஒரு கையால் கொடுத்தால் வாங்கமாட்டேன், இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்க வேண்டும் என்றீர்கள். குடித்து முடித்து, மடித்த கைக்குட்டையைப் பிரித்து வளையலை எடுத்தீர்கள். “எங்க, ஒரு துண்டு சோப்பு கொண்டா” என்றீர்கள்.

சோப்பு நுரையைச் சத்தியவதியின் கையில் தேய்த்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, நீங்கள் மெதுவாக, மிக மெதுவாகத் தள்ள ஆரம்பித்தபோதுதான் எனக்கு முழுவதும் ஞாபகம் வந்தது. அத்தை வீட்டு முற்றம். தலையில் துண்டு போட்டுக்கொண்டு நீங்கள். வெளியூரிலிருந்து அப்பா வருகிறார், மகன் பக்கத்து வீட்டுக்காரன் மனைவியை இரவல் வாங்குகிறான், புருஷன்காரன் சமையல்காரனாக நிற்கிறான். அப்பா பச்சை வளையலை எடுக்கிற நேரம், “ஐயோ வேண்டாம், நான் உங்கள் மருமகள் இல்லை” என்று அந்தப் பெண் அழுது காலில் விழுகிறாள். நான் உங்களிடமே திருடி, உங்களுக்கே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்!

நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். நீங்கள் சத்தியவதியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவள் எப்போது அழுவாள் என்று காத்திருந்தீர்கள். அவளோ படம் பார்த்தவள் இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, பெரியவர் ஆசையாகப் போடுகிறாரே என்று கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள். கட்டைவிரல் மூட்டைத் தாண்டி வளையல் விருட்டென்று மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது.

“ஓ மேரி பீபி ஹை, சாப்!” என்று அப்பாராவ் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “என் பெண்டாட்டி! என் பிள்ளை! நான் ஃபிட்டர்!”

“தெரியும்ல. அதை ஒரு நொடி முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றீர்கள் நீங்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. “நான் எம்புட்டு மெதுவாத் தள்ளுனேன்!”

“பெரியவர் போடும்போது வேண்டாம்னு எப்படிச் சொல்றது?” என்று சத்தியவதி அழ ஆரம்பித்தாள். கதைப்படி அவள் அழ வேண்டியதுதான், கொஞ்சம் பிந்தி அழுதாள்.

அதன் பிறகு சோப்பு, தேங்காய் எண்ணெய், மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் எல்லாம் பார்த்தாயிற்று. அவள் கை பூசணிக்காயாக வீங்கியதுதான் மிச்சம். பட்டறையிலிருந்து ஹாக்ஸா ரம்பம் கொண்டுவருகிறேன் என்றான் அப்பாராவ். “என் பொஞ்சாதிக்கு வாங்குனதுல. அறுக்க வேண்டாம், இருந்துட்டுப் போட்டும்” என்றீர்கள். சீனப் பெண்கள் இதைச் சின்ன வயதில் போட்டால் சாகும்வரை கழற்றமாட்டார்கள் என்று வேறு சொல்லிவைத்தீர்கள். அப்பாராவ் அன்று சாப்பிடவே இல்லை.

அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போனதும் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தலை நிமிரவில்லை. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எச்சில் தட்டுகளை எடுத்தீர்கள். “படம் முடிஞ்சு போச்சுல. கப்பல்தான் வரல. இனி என்ன செய்யச் சொல்லுத?” என்றீர்கள்.

என்ன செய்தோம்! காலையில் இஞ்சியும் கருவாடும் போட்டுக் கஞ்சி காய்ச்சினீர்கள். மூங்கிலைச் சீவிச் சாப்பாட்டுக் குச்சிகள் செய்து அப்பாராவின் பிள்ளைக்குக் கருவாடு பிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். அவனும் உங்களை விடாமல் “அம்மா” என்றே கூப்பிட்டான். சாயங்காலமானால் லைன் வீட்டு வாசலில் படம் ஓடியது. வங்காளிகள், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். மாமியார் திட்டுவதற்கு அங்கேயும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் கடைசியாக நின்று பார்க்கும் மீன்காரர் மகள் ரெஜினாவைக் காட்டி, “அந்தப் பிள்ள செரியான எடத்துல சிரிக்குது, பாத்துக்க” என்றீர்கள். நான் பார்த்துக்கொண்டேன்.

கப்பல் வரவேண்டிய நாள் வந்தது. எஞ்சின் கோளாறு, இன்னும் தள்ளிப்போகும் என்று அறிவித்தார்கள். ஜெட்டியில் மூட்டை முடிச்சோடு நின்ற ஜனம் எல்லாம் கப்பல் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தது. நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தோம். கடலோரச் சுவரில் உட்கார்ந்து நீங்கள் முதல்தடவையாகக் கேட்டீர்கள்: “ரோஸிக்கு என்னல கொற?”

“ஒரு குறையும் இல்லப்பா. நான் அவளை இடுப்புல தூக்கித் திரிஞ்சவன். சோறு ஊட்டியிருக்கேன், மூக்குச் சிந்தி விட்டிருக்கேன். உங்களுக்கு அவ அக்கா மக. எனக்குத் தங்கச்சி. எப்படிப்பா கட்டுவேன்?”

நீங்கள் கடலைப் பார்த்தீர்கள். கண் நிறைந்துவிட்டது. துண்டைத் தலையில் போட்டுக்கொள்வீர்களோ, ஏதாவது வேடிக்கை செய்வீர்களோ என்று பார்த்தேன். இல்லை. “நான் அதெல்லாம் பாத்ததில்லையேல” என்றீர்கள். “பாத்திருந்தா வாக்குக் குடுத்திருக்க மாட்டேன்.”

அப்பா, அந்த நிமிஷத்தில் எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. கோபம் இருந்தது என்பதே அது போனபோதுதான் தெரிந்தது.

கடைசியில் கப்பல் வந்தது. ஏணியில் கால் வைக்கும் முன் நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். “வளையல் ஏங்கிட்ட இல்ல. மருமக கையில போட்டேன், சோப்பு போட்டும் கழறல. அக்காட்ட இதச் சொன்னாப் போதும். நெசந்தானல?” முழுதும் நிஜமில்லை என்று நம் இருவருக்கும் தெரியும். சத்தியவதியின் கையிலிருந்து அது கழன்றிருந்தால் நான் அந்தக் கப்பலில்தான் ஏறியிருப்பேன். அவள் மணிக்கட்டு என்னைக் காப்பாற்றியது.

அடுத்த தபாலில் அத்தையின் கடிதம் வந்தது. கோபம் இரண்டு வரி. பிறகு, மருமகள் மரியாதை தெரிந்தவளாம், செபம் உருக்கமாகச் சொல்கிறாளாம், சமையல்காரன் மட்டும் சரியில்லையாம், மாற்றிவிடு என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துக் காட்டியபோது அப்பாராவ் வாளியை உதைத்தான். ரோஸிக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அத்தைக்குச் செய்ய வேண்டியதை நீங்கள் வேறு வழியில் செய்தீர்கள். கல்யாணச் செலவுக்கு மலாயாவில் சேர்த்ததையெல்லாம் கொடுத்துவிட்டீர்கள் என்று ரோஸிதான் பிற்பாடு எனக்கு எழுதினாள்.

எனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அந்தப் பொய்யின் கிரயம் தெரிந்தது. ஊரைப் பொறுத்தவரை எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு எதற்காக நீங்கள் மறுபடி கப்பல் ஏற முடியும்? “முதல் ஆட்டத்துக்கே ஆள் வந்தாச்சு. இரண்டாம் ஆட்டத்துக்கு அக்கா விடமாட்டாள். நீ நன்றாக நடத்து” என்று ஒரு அட்டையில் எழுதி அனுப்பினீர்கள். சொந்த மகனின் கல்யாணத்தைப் பார்க்காமல் இருந்தீர்கள், உங்கள் மகனுக்காக. கோயிலில் உங்கள் இடத்தில் நின்றது அப்பாராவ். சமையல்காரன் அப்பாவாகப் பதவி உயர்வு பெற்றான் என்று சத்தியவதி இன்றும் சொல்வாள்.

நீங்கள் கண்மூடிவிட்டீர்கள் என்று தந்தி வந்த அன்று துறைமுகத்தில் கப்பல் இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

இன்று காலை வளையலை ரெஜினாவிடம் கொடுத்தேன். உரிமைப்படி அவளுடையது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் தடித்த கையைப் பார்த்தாள். “இந்த வயசுல சோப்பு போட்டு என் கைய ஒடிக்கப் பாக்குறீங்களா? மாமா யாருக்குப் போட்டாங்களோ அவதான் மூத்த மருமக” என்றாள். சிவப்பு நூல்கண்டை எடுத்து வந்து வளையலின் உள்பக்கம் கெட்டியாகச் சுற்றி, சத்தியவதியின் எலும்பும் தோலுமான கையில் திரும்ப மாட்டிவிட்டாள். சத்தியவதி கையை ஆட்டிப் பார்த்தாள். விழவில்லை. “அப்போ மருமக வேலையிலிருந்து எனக்கு இன்னும் லீவு இல்லையா?” என்றாள். அப்பாராவ் கைத்தடியைத் தரையில் ஒரு குத்துக் குத்திவிட்டு, “மீனைக் கழுவு, போ” என்றான்.

அவர்கள் போன பிறகு ரேடியோவில் சொன்னார்கள், மெயின்லாண்டு கப்பல் தாமதமாம். இந்தத் தெருவில் எல்லோரும் திட்டுகிறார்கள், வெங்காயம் வராது, தபால் வராது என்று. ரெஜினாகூடத் திட்டுகிறாள். இத்தனை வருஷத்தில் கப்பலைத் திட்டாத ஒரே ஆள் நான்தான், அப்பா. அது தாமதமாக வந்த அந்த ஒரு தடவைதான் நீங்கள் என்னோடு இருந்தீர்கள்.